ஆள் இருக்கிற வீடு மாதிரி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூட வேண்டியதில்லை. நல்ல வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, தெருவில் நாலு பேர் போய்க்கொண்டிருக்கும்போதே பயப்படுகிறவள் நான். இப்போது எண்பதை நெருங்குகிறேன், இன்னும் திருந்தவில்லை. பல்லி சத்தம் போட்டால்கூட யாரோ என்னைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பயத்தால் ஒரு மனுஷியை நான் உயிரோடு சாகடித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போன மறு தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வந்தேன். பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருவில் இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. விடியும் முன்னால் சங்கு ஊதியதும் போனார் என்றால் வெயில் தாழ்ந்துதான் வருவார். அதுவரை நானும் என் பயமும்தான்.

அந்தத் தெரு அப்போது இருந்த இருப்பு புதுப்பெண் குடியிருக்கிற இருப்பா! பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்ச்சாரியில் ஒரு துரை குடும்பம், ஒரு வக்கீல் குடும்பம், எங்கள் வரிசையில் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன ஒருவர், இப்படி ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கப்பலில் எவ்வளவுதான் ஏற்ற முடியும்? குழாயடிக்குப் போகும்போது ஜன்னல் பலகைகளின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். ஒரு வீட்டில் வெள்ளைத் துணி விரித்த மேசையும் ஆறு நாற்காலியும் அப்படியே இருக்கும். ஆறில் ஒன்று மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும், யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தண்ணீர் எடுக்க எழுந்து போன மாதிரி. இன்னொரு வீட்டுக் கூடத்தில் ஒரு மரக்குதிரை. அதன் முதுகில் குழந்தைச் சட்டை ஒன்று கிடக்கும். பச்சைப் பலகை வழியாக வெயில் கோடு கோடாக இறங்கித் தரையில் படுத்திருக்கும். வாசல் இடுக்கு வழியாகக் காகிதப்பூ சருகுகள் உள்ளே புகுந்து கூடம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். கூட்டித் தள்ள ஆளில்லை.

அழகுதான். மனசைப் பிசைகிற அழகு. மனுஷர்கள் இருந்து புழங்கியபோது அந்த வீடுகள் அவ்வளவு அழகாக இருந்திருக்காது என்று தோன்றும். அந்த மரக்குதிரையைப் பார்த்தால் அழுகை வரும், அடுத்த நொடி அது அசைந்த மாதிரி இருக்கும், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். மறுநாள் மறுபடி போய்ப் பார்ப்பேன். பயந்தாங்கொள்ளிகளின் குணமே அதுதான், சும்மா இருக்க மாட்டோம்.

எங்கள் சுவரை ஒட்டிய அடுத்த வீடு சொல்தா அம்மாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் புருஷன் சொல்தாவாக இருந்து, ஊர் திரும்பி, சில வருஷம் சாய்வு நாற்காலியில் கிடந்து, அதிலேயே செத்தவர். ஒரே மகனும் அதே பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனச் சண்டைக்குப் போனான். சண்டை முடிந்து மாதக்கணக்காகியும் அவனிடமிருந்து தகவல் இல்லை. அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் திருநீறு பூசுகிறவர்கள். அதனால் ஒன்றும் குறைச்சல் இல்லை. நான் வந்த புதிதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது, கழுத்தில் ஜெபமாலையோடு வேப்பிலைக் கொத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பத்து நாள் எனக்குக் கஞ்சி ஊற்றியவர் அவர்தான். பெற்றவள்கூட ஆற்றைத் தாண்டி வரவில்லை.

சித்திரை முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் சாவியோடு வந்து நின்றார்.

"பொண்ணே, நான் சைகோன் போறேன். தங்கச்சி அங்கதான் இருக்கா. இங்க உக்காந்து காயிதம் எழுதி ஒண்ணும் ஆவல. நேர்ல போயி அவங்க ஆபீசுல நின்னு கேட்டாத்தான் எம்மவன் இருக்கானா இல்லியான்னு தெரியும்."

"வீட்ட பூட்டிட்டாம்மா போறீங்க?"

"பூட்டித்தான் போவேன். ஆனா பூட்டிக் கெடக்கிற வீடு மாதிரி இருக்கக் கூடாது. அதுக்குத்தான் ஒன்கிட்ட வந்தேன்" என்றவர், உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "அவன் கிட்ட ஒரு சாவி இருக்கு. நான் அங்க தேடிக்கிட்டு இருக்கறப்ப அவன் இங்க வந்து நின்னான்னு வெச்சிக்க. கதவத் தெறந்ததும், அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவான்னு அவனுக்குத் தோணணும். தோணுச்சின்னா உக்காந்துடுவான். அப்பறம் நீ போயி விஷயத்தச் சொல்லிடுவ. ஆளில்லாத வீடுன்னு பட்டுச்சோ, ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். அவங்கப்பன் புத்தி அப்பிடியே."

கூட்டிப்போய்க் காட்டினார். வாசற்படிக்கு உள்ளே அவருடைய செருப்பு, கழற்றிப் போட்ட மாதிரி ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக. ஆணியில் குடை. மேசைமேல் ஜெபப் புத்தகம் விரித்தபடி, அதன்மேல் பழைய மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் காபி குடிக்கிற பெரிய பீங்கான் கிண்ணம். முற்றத்துக் கொடியில் ஒரு நீலச் சேலை. வாரத்துக்கு இரண்டு தடவை அதை நனைத்துப் பிழிந்து போட வேண்டும். கொடியில் ஈரச் சேலை சொட்டிக்கொண்டிருந்தால் அதை உடுத்துகிறவள் தூரத்தில் இல்லை என்றுதானே எந்தப் பிள்ளையும் நினைப்பான். ஒரு தாயின் மூளை எவ்வளவு தூரம் ஓடுகிறது பாருங்கள். நான் தலையை ஆட்டினேன். கஞ்சி ஊற்றிய கைக்கு முன்னால் வேறென்ன செய்ய?

அவர் கப்பலேறிய மறுநாள் கதவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் காற்று உள்ளே போனது, முற்றத்தில் சேலை எழும்பியது. யாரோ திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. "யாரு?" என்று கத்திவிட்டேன். பதில் வரவில்லை என்றதும் தைரியம் வர வேண்டும் இல்லையா, எனக்குப் பதில் வராததுதான் பயமாக இருந்தது.

காலியான வீடு ஒரு பயம் என்றால், காலி இல்லாத மாதிரி நாமே ஜோடித்து வைத்த காலி வீடு இன்னொரு பயம். செருப்பு இருக்கிறது, கால் இல்லை. கண்ணாடி இருக்கிறது, கண் இல்லை. பெருக்கும்போது கை தவறிச் செருப்பு நகர்ந்துவிடும். நான்தான் நகர்த்தினேன் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அடுத்த நாள் வந்து அதைப் பார்த்தால் இரண்டடி பின்னால் போய்விடுவேன். நேற்று இங்கேயா இருந்தது?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் படம். கூடத்துச் சுவரில் செத்துப்போன சொல்தாவும் அவர் மனைவியும் சேர்ந்து நிற்கிற பெரிய படம். அவர் உடுப்போடு, நெஞ்சில் மெடல்களோடு, முறைத்துக்கொண்டு நிற்பார். அதற்கு நேர் கீழே அவர் உயிர்விட்ட பிரம்பு நாற்காலி. உச்சிவெயில் ஏறும்போது அந்தப் பிரம்பு படபடவென்று நெட்டி முறிக்கும். சரியாக ஒரு ஆள் கையை ஊன்றி எழுந்திருக்கிற சத்தம். வெயிலில் பிரம்பு விரிகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று? துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று மூச்சு வாங்குவேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். "செத்த சொல்தா வந்து உன்ன என்னா பண்ணப் போறாரு? சல்யூட் அடிப்பாரு. நீயும் ஒண்ணு அடிச்சிட்டு வா." அவருக்கென்ன, பஞ்சாலையில் ஐந்நூறு பேர் நடுவில் நிற்கிறவர்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் நாற்காலி முறிந்த சத்தத்தோடு ஒரு இருமலும் கேட்டது. பக்கத்து வீட்டு இருமலா, வாய்க்கால் ஓரம் போனவனுடையதா, நான் விசாரிக்கவில்லை. தெருவுக்கு ஓடி வந்தபோது எதிரே குப்பத்து மீன்காரம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தாள். வாரம் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு வருகிறவள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினாள். நான் கொட்டித் தீர்த்தேன்.

"பூவு போடுறாங்களா அந்த மனுஷன் படத்துக்கு?" என்றாள்.

"இல்ல. அந்தம்மா போறதுக்கு முன்னாடி இருந்துச்சோ என்னமோ. நான் போடல."

"அப்பறம் இருமாம என்னா செய்வாரு? பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல, பூவும் இல்ல. ஒரு மொழம் பூவப் போட்டு ஒரு வெளக்க ஏத்தி வெச்சிட்டுப் போ. அடங்கிடுவாரு. எங்கூட்டுக்காரரு கடலோட போனப்ப நானும் அப்பிடித்தான் செஞ்சேன்."

சும்மா சொன்னாளோ, மனசோடு சொன்னாளோ, எனக்கு அது தேவவாக்காகப் பட்டது. ஏனென்றால் மறுநாள் ஆடி பிறக்கிறது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக என் அண்ணன் வந்து காத்திருந்தான். ஒரு மாதம் நான் இருக்க மாட்டேன். அந்த ஒரு மாதம் அந்த வீட்டை யார் அடக்கி வைப்பது?

மார்க்கெட்டில் தடிமனாகச் சாமந்தி மாலை ஒன்று வாங்கினேன். நல்லெண்ணெயும் அகலும் எடுத்துக்கொண்டேன். வேதக்காரர் வீட்டில் அகல் ஏற்றலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. நாற்காலியைத் தொடப் பயந்து ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மாலையைப் படத்தின் இரண்டு மூலையிலும் மாட்டினேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பக்கத்தில் நிற்கிற முகத்தையும் பார்த்திருப்பேன். அகலை ஏற்றிக் கீழே வைத்து, "ஐயா, அடங்கி இருங்க, உங்க சம்சாரம் வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையைக் கடைசியாக நனைத்துப் போட்டேன். கதவைப் பூட்டியபோது மனசு லேசாக இருந்தது. அன்று எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆடி மாதம் தாய்வீட்டில் தின்று தூங்கினேன். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துச் சேலையை நனைக்கச் சொல்லியிருந்தேன். "எட்டிப் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து சொன்னார். அவர் எட்டிப் பார்த்தது வெளிக்கதவின் பூட்டை என்று பிறகுதான் தெரிந்தது.

ஆவணி பிறந்து திரும்பி வந்ததும் கதவைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. செருப்பு இருந்தது. குடை இருந்தது. மேசைமேல் கண்ணாடி இருந்தது, தூசி படிந்து. கூடத்தில் ஏறிட்டுப் பார்த்தேன்.

படம் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுப்பாக இருந்தது. காய்ந்த மாலை பிரம்பு நாற்காலியின் கைமேல் மடித்துப் போட்டிருந்தது. மடித்து! முற்றத்தைப் பார்த்தேன். கொடியில் சேலையும் இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வாசற்படியில் கால் இடறி விழுந்து, முட்டி பெயர்ந்து, அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்தா படத்திலிருந்து இறங்கி, மாலையைக் கழற்றி மடித்துப் போட்டுவிட்டு, பெண்டாட்டி சேலையை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். பூட்டின பூட்டு பூட்டினபடி இருந்தால் வேறு யார் உள்ளே போக முடியும்? சாவி இன்னொருவனிடமும் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை.

தெருமுனையில் புதிதாக வண்டி போட ஆரம்பித்திருந்த ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்காரங்களா நீங்க? அன்னிக்கி வந்தாரே, அவருக்குச் சொந்தமா?"

"யாரு வந்தா?"

"ஆடி நடுவுல. ரயிலடியிலேருந்து நான்தான் இட்டாந்தேன். பட்டாளத்து ஆளாட்டம் இருந்தாரு, காலு கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாரு. மத்தியான நேரம், தெருவுல ஈ காக்கா இல்ல. வழி பூரா சிரிச்சிப் பேசிக்கினு வந்தாரு. சாவியப் போட்டு உள்ள போனாரு. நான் பெட்டிய எறக்கறதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு. ஒரு சேலையில என்னமோ படத்தச் சுத்தி நெஞ்சோட வெச்சிக்கினு இருந்தாரு. கையில ஒரு காயிதம், பிரிக்காத காயிதம். உள்ள கதவாண்ட கெடந்துச்சாம், ஊருக்கு வரேன்னு அவரே அம்மாவுக்கு எழுதுனதாம். அத அப்பிடியே கிழிச்சி வாய்க்கால்ல போட்டாரு. 'அம்மா எப்ப செத்தாங்க?'ன்னு எங்கிட்ட கேட்டாரு. எனக்கு என்னாங்க தெரியும்? நான் வந்தே ஒரு மாசம். வீடு பூட்டித்தாங்க கெடக்குதுன்னேன்."

"அப்பறம்?" என்றேன்.

"பக்கத்து வீட்டயும் தட்டிப் பாத்தாரு. பூட்டி இருந்துச்சி. உப்பளம் கல்லறைக்கு வுடுன்னாரு. அங்க வெயில்ல ஒவ்வொரு சிலுவையாப் பாத்துக்கினு போனாரு, ஒரு மணி நேரம். புதுசா இருந்த மண்மேடு எல்லாத்தாண்டயும் நின்னாரு. அப்பறம் மெட்ராஸ் பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டு ஏறிட்டாரு. சாப்புடுங்கன்னு சொன்னேங்க. கேக்கல."

அவன் தட்டிய பக்கத்து வீடு என்னுடையது. நான் அந்த நேரத்தில் அரியாங்குப்பத்தில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

அந்த மகனின் கண்களால் ஒரு தடவை பார்த்தேன். கதவைத் திறக்கிறான். அம்மாவின் செருப்பு, குடை, கண்ணாடி. எல்லாம் அவள் எழுந்து போன மாதிரி. ஆனால் மேலே, அப்பாவும் அம்மாவும் நிற்கிற படத்தின்மேல் மாலை, கீழே எரிந்து கருகிய விளக்கு. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு எங்கள் ஊரில் யாராவது மாலை போடுவார்களா? மாலையைப் பார்த்தபின் அந்தச் செருப்பும் கண்ணாடியும் என்ன சொல்லியிருக்கும்? செத்தவள் விட்டுப்போன சாமான் என்றுதான் சொல்லியிருக்கும். தான் இப்போது வந்துவிடுவேன் என்று காட்டத் தாய் வைத்துவிட்டுப் போன அத்தனை பொருளையும் ஒரே ஒரு மாலையால் நான் சாவு வீட்டுச் சாமானாக மாற்றிவிட்டேன். சேலையை ஏன் எடுத்துப்போனான் என்று சொல்லவா வேண்டும். ஆனால் அதில் அவன் அம்மா வாசனை இருந்திருக்காது. நான் வாரத்துக்கு இரண்டு தடவை அலசிப்போட்ட சோப்பு வாசனைதான் இருந்திருக்கும்.

பேய்ப்பயம் அன்றோடு போய்விட்டது. அதைவிடப் பெரியது வந்தது. அந்த அம்மா திரும்பி வருவாரே!

சைகோன் விலாசம் என்னிடம் இருந்தது. எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "எழுதினா அந்தம்மா அங்கயே மயங்கி விழுந்துடும். வந்ததும் நேர்ல சொல்லிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சேலை நனைக்காத குற்றத்துக்குப் பயந்தார், நான் மாலை போட்ட குற்றத்துக்குப் பயந்தேன். இரண்டு கோழையும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தால் அது தள்ளிப்போடுகிற முடிவாகத்தான் இருக்கும். நான் தினமும் போய் வீட்டைப் பெருக்கினேன். நாற்காலி நெட்டி முறித்தால், "முறிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டால் போதும், கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

மார்கழியில் ஒரு நாள் அந்த மணி எங்கள் வாசலிலேயே நின்றது. சொல்தா அம்மா இறங்கினார். பாதி ஆளாகியிருந்தார். உள்ளே வந்தார், செருப்பைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லா வெச்சிருக்கடி" என்றார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லன்னுட்டாங்க" என்றார். "எந்த லிஸ்ட்டுலயும் அவன் பேரு இல்லியாம். செத்தவங்க லிஸ்ட்டுலயும் இல்ல, புடிபட்டவங்க லிஸ்ட்டுலயும் இல்ல. இனிமே வர மாட்டான், போயி ஜெபம் பண்ணுன்னு சொல்லிட்டாங்க. ஏழு மாசம் அலைஞ்சேன். அவ்ளோதான்."

கண்ணைத் திறந்ததும், புருஷனிடம் சொல்கிற மாதிரித் திரும்பி, தலைக்கு மேலே பார்த்தார்.

"படம் எங்க?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். இருமலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மீன்காரம்மா, மாலை, அகல், ஆடி, ரிக்‌ஷாக்காரர், கல்லறை. அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எப்போது அடி விழும் என்று முதுகு கூசிக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

"காலு இழுத்து நடந்தான்னா சொன்ன? எந்தக் காலு?"

"தெரியாதும்மா."

"உயிரோட இருக்கான்டி! எம்மவன் உயிரோட இருக்கான்டி!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். தெருமுனைக்கு ஓடினார், அந்த வயதில். ரிக்‌ஷாக்காரரை இழுத்துவந்து உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுத்து, திரும்பத் திரும்பக் கேட்டார். மீசை வைத்திருந்தானா? இளைத்திருந்தானா? சிரித்துக்கொண்டு வந்தான் என்றாயே, என்ன சொல்லிச் சிரித்தான்? அந்த மனுஷர் தெரிந்ததையும் சொன்னார், தெரியாததையும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். வெயில் தாழ்ந்தபோதுதான், அவர் போன பிறகுதான், அந்த அம்மா அடங்கினார். கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவனுக்கு நான் செத்துட்டேன் இல்ல?" என்றார். "எங்க போயி அழுவுறானோ."

அன்றிலிருந்து கடிதம் எழுதாத ஆபீஸ் இல்லை. கான்சல் ஆபீசுக்கு, பட்டாளத்துக்கு, பிரான்சில் மார்செய் ஊரில் இருந்த தூரத்துச் சொந்தக்காரருக்கு. சிலரிடமிருந்து பதில் வந்தது, எதிலும் விலாசம் வரவில்லை. இரண்டு வருஷம் அவர் தெருவைத் தாண்டவில்லை, கோயிலையும் மார்க்கெட்டையும் தவிர. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் தெளிந்திருக்கும். மாறாக, முற்றத்திலிருந்து சுவருக்கு மேலே குரல் கொடுப்பார்: "என்னச் சாவடிச்சவளே, காபி ஆறுது, வா." தெரு முழுக்கக் கேட்கும். நான் சிரித்துக்கொண்டே போவேன். உள்ளே நடுங்கிக்கொண்டேதான் போவேன். அவன் அங்கே எங்கேயாவது ஒரு சண்டையில் சாகப்போகிறான், அந்தப் பழியும் என் தலையில் விடியப்போகிறது என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

இரண்டாம் வருஷக் கல்லறைத் திருநாள் வந்தது. வேதக்காரர்கள் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கிற நாள். அந்த அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததால் கைபிடித்துக் கூட்டிப் போக நான் போனேன். கோயிலுக்குள் பெண்கள் பக்கத்தில், கடைசியில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மெழுகு வாசனை, கறுப்புத் துணி, முனகுகிற மாதிரிப் பாட்டு. எனக்கு அதெல்லாம் போதும் நடுங்க.

பூசைக்கு நடுவில் சாமியார் மேடையேறி ஒரு காகிதத்தை விரித்தார். அந்த வருஷம் யார் யாருடைய ஆத்துமத்துக்காகப் பூசை கேட்டிருக்கிறார்களோ அவர்கள் பெயரை வாசிப்பது வழக்கம். அவர் வேறு ஊரிலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். வாசித்துக்கொண்டே போனார். இன்னாரின் தகப்பன், இன்னாரின் மனைவி. பிறகு ஒரு பெயரை வாசித்தார். புருஷன் பெயர், பட்டாளத்தில் அவர் இருந்த பதவி, எங்கள் தெருப் பெயர், எல்லாம் சேர்த்து.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெயர்.

உயிரோடு இருக்கிறவளைச் செத்தவர்கள் வரிசையில், சாமி சன்னிதியில், ஊரறிய வாசித்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய அபசகுனம் இருக்க முடியுமா? முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். "அம்மா, வாங்க, போயிடலாம்" என்று முந்தானையை இழுத்தேன்.

அவர் என் கையை உதறிவிட்டு எழுந்தார். நடுவழியில், எல்லோரும் பார்க்க, தூணைப் பிடித்துத் தூணைப் பிடித்து மேடைக்குக் கீழே போய் நின்றார். சாமியார் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா?"

"நீங்க இப்ப வாசிச்ச பொம்பள நான்தான் சாமி."

சாமியார் முகத்தில் அன்று பார்த்தது நான் அதுவரை என் முகத்தில் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்த பயம். காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"எனக்குன்னு பூசை கேக்குறதுக்கு இந்த ஒலகத்துல ஒரே ஒரு ஆளுதான் இருக்கு. கோயில் வாசப்படி மிதிக்காத பையன் அவன்" என்றார் அந்த அம்மா. "பூச நடக்கட்டும். நிறுத்த வேணாம். அவன் எழுதுன காயிதத்த மட்டும் எங்கிட்ட குடுங்க. அதுல வெலாசம் போட்டிருப்பான்."